இலத்தீன் அறியாத வைத்தியர்

ஏடு படித்தவன் மேடையில் உட்காருவான். வேலை செய்கிறவன் கீழே நிற்பான். மேலே இருப்பவன் சொன்னதே சாத்திரம். கீழே நிற்பவன் கண்ணால் கண்டதும் கையால் தொட்டு அறிந்ததும் சாத்திரத்தில் சேராது. ஐரோப்பாக் கண்டத்தில் வைத்தியக் கலை பல நூறு ஆண்டுகள் இந்த நிலையில்தான் கிடந்தது. அந்த நிலையை அசைத்தவர்களில் ஒருவர், சவரக் கத்தி பிடித்துப் பிழைக்க வந்த ஓர் ஏழை இளைஞர். பல்கலைக்கழகத்தின் படியை மிதிக்காதவர். கற்றவர் மொழி எனப் போற்றப்பட்ட இலத்தீன் அறியாதவர். அப்படிப்பட்டவர் நான்கு மன்னர்களுக்கு ரண வைத்தியராக இருந்தார். அதைவிடப் பெரிது, பெயர் தெரியாத ஆயிரமாயிரம் சிப்பாய்களின் வேதனையைக் குறைத்தார். அவர்தாம் பிரெஞ்சு தேசத்து ஆம்புருவாஸ் பாரே. 1510ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, 1590இல் மறைந்தவர். உழைக்கும் தோழர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பீடமும் கத்தியும்

அவர் பிறந்த காலத்தின் நிலையை முதலில் பார்ப்போம். அன்று ஐரோப்பாவில் வைத்தியம் என்றால் கேலன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் அவர். பெரிய அறிவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனித உடலும் அப்படித்தான் இருக்கும் என்று பல இடங்களில் எழுதிவிட்டார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் வாக்கு. எந்த மண்டையோட்டை எடுத்துப் பார்த்தாலும் அது ஒரே எலும்பு என்று தெரியும். ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கேலன் சொன்னதே வேதவாக்காக இருந்தது! அரபு நாட்டு அறிஞர்கள் காத்து வளர்த்த நூல்களும், இபின் சீனாவின் வைத்தியப் பெருநூலும் இலத்தீனில் வந்து சேர்ந்தன. சலேர்னோ, பொலோஞா, மோன்பெலியே, பாரிஸ் ஆகிய ஊர்களில் வைத்தியக் கல்வி வளர்ந்தது. பொலோஞாவில் மோந்தினோ என்ற ஆசிரியர் மனித உடலை அறுத்துக் காட்டி, 1316இல் அதற்கொரு நூலும் எழுதினார். ஆனால் பின்வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் இருந்து ஏட்டைப் படிப்பார்; கீழே சவரத் தொழிலாளி உடலை அறுப்பான். ஏட்டில் ஒன்று இருக்கும், உடலில் வேறொன்று இருக்கும். தவறு உடலில்தான் என்று முடிவு செய்துகொண்டு வகுப்பு கலைந்துவிடும்!

கையால் செய்யும் வேலை இழிவு என்ற எண்ணம் வைத்தியத்தையும் இரண்டாகப் பிளந்தது. 1215இல் ரோமாபுரியில் கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை, குருப்பட்டம் பெற்றவர்கள் கத்தி வைத்து அறுப்பதும் சூடு போடுவதும் கூடாது என்று விதித்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் திருச்சபையைச் சேர்ந்தவர்களாயிருந்த காலம் அது. இதுவும் ஒரு காரணமாக, ரண வைத்தியம் கைத்தொழிலாளர் பக்கம் ஒதுங்கிற்று. பாரிஸ் நகரில் மூன்று படிகள் ஏற்பட்டன. உச்சியில் பல்கலைக்கழக வைத்தியர்கள். அவர்கள் நாடி பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள், காயத்தைத் தொடமாட்டார்கள். நடுவில் சேன் கோம் சங்கத்து ரண வைத்தியர்கள். நீண்ட அங்கி அணிந்தவர்கள். அடியில் சவரத் தொழிலாளர்கள். முகம் வழிப்பது, பல் பிடுங்குவது, கட்டி கீறுவது, இரத்தம் இறக்குவது எல்லாம் அவர்கள் தலையில். அந்த அடிப்படியில்தான் பாரே வந்து நின்றார்.

எண்ணெய் தீர்ந்த இரவு

லவால் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவருக்குச் சொந்த இடம். எளிய குடும்பம். சவரத் தொழில் கற்றுக்கொண்டு பாரிஸ் வந்து சேர்ந்தார். ஓத்தேல் தியே என்ற பழமையான தரும ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் வேலை கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். ஒரே கட்டிலில் பல நோயாளிகளைப் படுக்கவைத்த இடம் அது. பிளேக், புண், பனியில் அழுகிய விரல், முறிந்த எலும்பு – இவையே அவருக்குப் பாடநூல்கள். பதினான்காம் நூற்றாண்டில் அவிஞோன் நகரில் இருந்த கீ த ஷோலியாக் என்ற ரண வைத்தியரின் நூல் பிரெஞ்சு மொழியில் வந்திருந்தது. சவரத் தொழிலாளர்களுக்கு அதுவே கைப்புத்தகம். ஏடு என்று அவர் கையிலிருந்தது அதைப் போன்ற ஒன்றிரண்டுதான்.

1536-37இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் இத்தாலியின் மீது படையெடுத்தார். தூரின் நகரை நோக்கிச் சென்ற படையோடு, மோந்தழான் என்ற தளபதியின் ரண வைத்தியராக இளைஞர் பாரேயும் போனார். துப்பாக்கிக் காயத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. நூல் என்ன சொல்கிறது? இத்தாலி நாட்டு ஜியோவன்னி த விகோ என்பவர், துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு கலந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த நஞ்சை முறிக்க, எல்டர் என்னும் செடியின் எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காயத்தில் ஊற்ற வேண்டும் என்பது விதி. குண்டு பாய்ந்து துடிப்பவன் உடம்பில் கொதிக்கும் எண்ணெய்! அதுதான் சாத்திரம், அதுதான் வைத்தியம். மற்ற ரண வைத்தியர்கள் செய்வதைப் பார்த்து பாரேயும் செய்தார்.

ஒரு நாள் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எண்ணெய் தீர்ந்துபோயிற்று. என்ன செய்வார்? முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துத் தடவி மிச்சமிருந்தவர்களுக்குக் கட்டுப் போட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சேறி விடிவதற்குள் செத்துக் கிடப்பார்களே என்ற அச்சம். பொழுது விடியுமுன்பே எழுந்து ஓடினார். கண்டது என்ன? குழம்பு தடவியவர்கள் வலி குறைந்து, வீக்கமின்றி, இரவில் நன்றாக உறங்கியிருந்தார்கள். கொதி எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலில் எரிந்து, காயம் வீங்கி, வேதனையில் புரண்டுகொண்டிருந்தார்கள். அன்றே பாரே ஒரு முடிவுக்கு வந்தார்: குண்டடிபட்ட ஏழைகளை இனி இவ்வளவு கொடுமையாகச் சுடுவதில்லை!

தோழர்களே, இதை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் தீர்ந்தது தற்செயல். எத்தனையோ படைகளில் எத்தனையோ முறை எண்ணெய் தீர்ந்திருக்கும். விடியற்காலையில் எழுந்து சென்று, இந்தப் பக்கம் படுத்திருந்தவனையும் அந்தப் பக்கம் படுத்திருந்தவனையும் ஒப்பிட்டுப் பார்த்து, நூல் சொன்னது தவறு என்று ஏற்றுக்கொண்டதே தற்செயலைக் கண்டுபிடிப்பாக்கிற்று. அதற்கு இலத்தீன் தேவைப்படவில்லை. துடிக்கிறவனிடம் இரக்கமும், தன் கண்ணை நம்பும் துணிவும் தேவைப்பட்டன.

கிழவி சொன்ன வெங்காயம்

யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. தளபதியின் சமையற்கட்டில் வேலை செய்த பையன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கப் போன இடத்தில் ஒரு நாட்டுப்புறக் கிழவி, பச்சை வெங்காயத்தை உப்போடு நசுக்கி வைத்துப்பார் என்று சொன்னாள். கற்றறிந்த வைத்தியராயிருந்தால் சிரித்திருப்பார். பாரே சோதித்துப் பார்த்தார். வெங்காயம் வைத்த இடத்தில் கொப்புளம் எழவில்லை; மற்ற மருந்து வைத்த இடத்தில் எழுந்தது. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. பிறகு ஒரு முறை வெடிமருந்தில் முகம் வெந்த காவற்காரன் ஒருவன் வந்தபோது, முகத்தின் பாதியில் வெங்காயமும் மறுபாதியில் வழக்கமான மருந்தும் வைத்துப் பார்த்தார். ஒரே ஆள், ஒரே காயம், இரண்டு மருந்து – எது நல்லது என்று உடம்பே சொல்லட்டும்! இன்று ஆராய்ச்சிச்சாலைகளில் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே, அந்த முறையின் விதை இது.

அவரை எல்லாம் அறிந்தவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. தூரினில் ஒரு ரண வைத்தியர் குண்டுக் காயத்துக்கு நல்ல தைலம் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரகசியத்தைப் பெற்றார். அது என்ன? பிறந்த நாய்க்குட்டிகளையும் மண்புழுக்களையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்! பாரே அதை நம்பிப் பயன்படுத்தினார். விநோதப் பிறவிகளைப் பற்றி 1573இல் எழுதிய நூலில் கட்டுக்கதைகளையும் சேர்த்துவிட்டார். காலத்தின் பிள்ளைதான் அவரும். கடவுள் பக்தியும் மிகுந்தவர். காயத்தைக் கட்டியது தாம், குணமாக்கியது ஆண்டவர் என்று சொல்வது அவர் வழக்கம். ஆனால் கண் முன்னே கண்ட உண்மைக்கும் ஏட்டு வாக்குக்கும் மோதல் வந்தால், கண்டதன் பக்கமே நின்றார். அங்கேதான் அவருடைய பெருமை இருக்கிறது.

நூலும் சூட்டுக்கோலும்

1541இல் பாரிஸில் அவர் சவர-ரண வைத்தியராக அங்கீகாரம் பெற்றார். 1545இல், துப்பாக்கிக் காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் முறை பற்றிய முதல் நூலை வெளியிட்டார். எந்த மொழியில்? தாய்மொழியான பிரெஞ்சில்! படைவீட்டில் கத்தி பிடிக்கும் சக தொழிலாளிக்குப் புரிய வேண்டும் என்பது நோக்கம். 1543இல் வெசாலியஸ் என்ற இளம் பேராசிரியர் ஆசனத்திலிருந்து இறங்கி, தம் கையாலேயே அறுத்துப் பார்த்து, கேலனின் பிழைகளைத் திருத்திப் பெருநூல் வெளியிட்டிருந்தார். அது இலத்தீனில் இருந்தது. அந்த அறிவையும் பாரே 1561இல் பிரெஞ்சில் உடற்கூற்று நூலாகத் தந்தார்.

அன்று கால் துண்டிப்பது எப்படி? அறுத்தவுடன், பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டுவாயில் வைத்துத் தீய்ப்பார்கள், இரத்தம் நிற்கும். காயத்தின் வலி போதாதென்று நெருப்பின் வலி. தீய்ந்த பொருக்கு உதிர்ந்தால் மீண்டும் இரத்தம் பீறிடும், மீண்டும் இரும்பு! 1552இல் தாம்வில்லேர் முற்றுகையின்போது ஒருவன் காலைத் துண்டித்த பாரே, சூட்டுக்கோலைத் தொடவில்லை. இரத்தக் குழாய்களை இடுக்கியால் பிடித்து இழுத்து நூலால் கட்டினார். இரத்தம் நின்றது, ஆள் பிழைத்தான். காயத்தில் குழாயைக் கட்டுவது பழைய நூல்களிலேயே உள்ள செய்திதான், கேலனே சொல்லியிருக்கிறார். அதைத் துண்டிப்புச் சிகிச்சைக்குக் கொண்டுவந்து, செய்துகாட்டி, 1564இல் நூலாக எழுதி உலகறியச் செய்தவர் பாரே.

துண்டித்ததோடு அவர் பொறுப்பு முடிந்துவிடவில்லை. கையிழந்தவன் எப்படிப் பிழைப்பான் என்றும் சிந்தித்தார். பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் துணையோடு, வில்லும் பற்சக்கரமும் வைத்து விரல் மடங்கும் இரும்புக் கையை அமைத்து, படம் போட்டு வெளியிட்டார். செலவு செய்ய முடியாத ஏழைகளுக்கென எளிய மரக்காலையும் வரைந்து காட்டினார்.

சிப்பாயின் வைத்தியர்

பாரேயின் போர்க்களக் குறிப்புகளில் தளபதிகளும் வருகிறார்கள், சாமானியர்களும் வருகிறார்கள். 1542இல் பெர்ப்பிஞான் முற்றுகையில் பிரிசாக் பிரபுவின் தோளருகே குண்டு பாய்ந்தது. மற்றவர்கள் துழாவியும் குண்டு அகப்படவில்லை. சுடப்பட்டபோது எப்படி நின்றீர்களோ அப்படியே நில்லுங்கள் என்றார் பாரே. நின்றதும் குண்டு போன வழி விளங்கிற்று, குண்டு அகப்பட்டது. எளிய யோசனை, ஆனால் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

1552 படையெடுப்பின்போது வேலைக்காரன் ஒருவனுக்குப் பன்னிரண்டு வாள் வெட்டுகள். பிழைக்கமாட்டான் என்று கைவிட்டார்கள். புதைக்கக் குழியும் தோண்டிவிட்டார்கள். பாரே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவனுக்கு வைத்தியரும் அவரே. மருந்து அரைத்தவரும் அவரே. காயம் கட்டியவரும் அவரே. கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சமையற்காரரும் அவரே. அவன் பிழைத்தான். அதைக் கண்ட படையினர் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்குப் பணம் கொடுத்தார்கள். மன்னர் தரும் பரிசைவிட அந்தக் காசுக்கு மதிப்பு அதிகம் அல்லவா?

அதே ஆண்டுக் கடைசியில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மெட்ஸ் நகரை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே காயம்பட்டவர்கள் ஏராளம். எதிரிப் படையின் கண்ணில் மண்ணைத் தூவி, இரவில் பாரேயை நகருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர் வந்துவிட்டார் என்று அறிந்ததும், இனிக் காயம் பட்டாலும் சாகமாட்டோம் என்று சிப்பாய்கள் ஆர்ப்பரித்தார்கள். 1553 தொடக்கத்தில் பேரரசரின் படை பின்வாங்கியபோது, குளிரிலும் நோயிலும் விழுந்த தன் சிப்பாய்களையே விட்டுவிட்டுப் போயிற்று. அந்த எதிரிச் சிப்பாய்களுக்கும் பாரேயும் தோழர்களும் கட்டுப் போட்டார்கள்.

பின்னர் ஹெஸ்தின் கோட்டை வீழ்ந்தபோது பாரே சிறைப்பட்டார். பிரபல வைத்தியர் என்று தெரிந்தால் பெரும் மீட்புப் பணம் கேட்பார்கள்; ஆகவே கந்தல் உடுத்திச் சாதாரண ஆள் போல நடித்தார். வேலைத்திறன் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது! எதிரித் தளபதியான சவாய் பிரபு, தம்மிடம் சேரும்படி அழைத்தார். மறுத்தால் கப்பலில் துடுப்புத் தள்ள அனுப்புவதாக மிரட்டினார். பாரே மறுத்துவிட்டார். கடைசியில் எதிரிப் பிரபு ஒருவரின் ஆறாத கால்புண்ணை ஆற்றியதற்குக் கைம்மாறாக விடுதலை பெற்றுத் திரும்பினார்.

பீடம் சீறிற்று

1554இல் சேன் கோம் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று. இலத்தீன் தெரியாதவனுக்கு இந்த இடமா என்று பல்கலைக்கழகம் முணுமுணுத்தது. 1559இல் இரண்டாம் ஹென்றி மன்னர் வேல் விளையாட்டில் முகத்தில் காயமுற்றபோது, பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த வெசாலியஸும் பாரேயும் ஒரே படுக்கையருகே நின்றார்கள். மன்னர் பிழைக்கவில்லை. பின்னர் ஒன்பதாம் சார்லஸ் காலத்தில் பாரே தலைமை ரண வைத்தியரானார்.

அந்த மன்னரிடம் பெசோவார் என்ற கல் ஒன்று இருந்தது. ஆட்டின் வயிற்றில் உண்டாவது. எல்லா நஞ்சையும் முறிக்கும் என்று பிரபுக்கள் நம்பினார்கள். அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது என்றார் பாரே. வெள்ளித் தட்டுகள் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனிடம், நஞ்சு உண்டு கல்லால் பிழைத்தால் விடுதலை என்று சொன்னார்கள். அவன் சம்மதித்தான். கல்லின் வீண்பெருமை வெளிப்பட்டது. ஆனால் அந்த ஏழை ஏழு மணி நேரம் துடித்துச் செத்தான். உண்மையை நிலைநாட்ட ஓர் உயிரைப் பலி கொடுத்த அந்தச் சோதனையை நாம் புகழ முடியாது. இரண்டு தட்டுக்கு ஓர் உயிர் என்று விலை வைத்த காலம் அது. பாரேயும் அந்த அரண்மனைக்குள்தான் நின்றார்.

1572 ஆகஸ்டில், புராட்டஸ்டண்ட் தலைவர் கொலீஞி சுடப்பட்டபோது சிகிச்சை செய்தவரும் பாரேயே. இரண்டு நாள் கழித்து மதவெறியர்கள் கொலீஞியைக் கொன்றார்கள். பாரிஸ் தெருக்களில் இரத்தம் ஓடிற்று. வைத்தியர் ஒட்டுவதை வெறியர் வெட்டினார்கள்!

1575இல் பாரே தம் நூல்களையெல்லாம் தொகுத்து ஒரே பெருநூலாக வெளியிட்டார். உடனே பாரிஸ் வைத்தியப் பீடம் சீறி எழுந்தது. தன் அனுமதியின்றி வைத்திய நூல் விற்கக் கூடாது என்றது. காய்ச்சலைப் பற்றி எழுத ரண வைத்தியனுக்கு என்ன உரிமை என்று கேட்டது. பிரெஞ்சில் எழுதியது பெருங்குற்றமாயிற்று. அறிவு தெருவுக்கு வந்துவிடுகிறதே! பீடத்தின் முன்னாள் தலைவர் குர்மெலான், இரத்தக் குழாயை நூலால் கட்டும் முறையைத் தாக்கி எழுதினார், சூட்டுக்கோலே நல்லதாம். 1585இல், எழுபது வயதைத் தாண்டிய பாரே பதில் எழுதினார். தாம் சென்ற போர்க்களங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, இன்ன இடத்தில் இன்னாருக்கு இன்ன சிகிச்சை செய்தேன் என்று அடுக்கினார். நூலகத்தில் உட்கார்ந்து பேசுகிறவர், களத்தில் நின்றவனுக்குக் கற்பிக்க வருகிறாரா என்பதே அதன் சாரம்.

பாலத்தருகே ஒரு முதியவர்

1590. நான்காம் ஹென்றியின் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தது. நகருக்குள் இருந்த கத்தோலிக்கக் கட்சித் தலைவர்கள் சரணடைய மறுத்தார்கள். மக்கள் பட்டினியால் தெருவில் விழுந்து செத்தார்கள். ஒரு நாள், அந்தக் கட்சியின் முக்கியஸ்தரான லியோன் பேராயர் சேன் மிஷேல் பாலத்தருகே வந்தபோது, எண்பது வயதுப் பாரே அவரை நிறுத்தி, பட்டினியால் சாகும் ஏழைகளுக்காக இரக்கம் காட்டுங்கள், சமாதானம் செய்யுங்கள் என்று உரத்த குரலில் மன்றாடினார். அதிகாரத்தைக் கண்டு அஞ்சாத அந்தக் குரல் அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் ஓய்ந்தது.

அவருடைய முறை உடனே எங்கும் பரவிவிடவில்லை. தொடையில் துண்டிக்கும்போது இரத்தத்தை அடக்கி வைக்கும் நல்ல கருவி 1718இல் பெட்டி என்ற பிரெஞ்சு ரண வைத்தியர் செய்த பிறகே வந்தது. காயம் சீழ்ப்பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். ஒருவர் வைத்த கல்லின்மேல் அடுத்தவர் கல் வைத்தே அறிவு எழும்புகிறது. இன்று ஆபரேஷன் நடக்கும் ஒவ்வோர் அறையிலும் இரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி இருக்கிறது. சூட்டுக்கோலோடு குர்மெலானின் வாதமும் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1582இல், பாரே உயிரோடிருக்கும்போதே, அவருடைய மாணவர் அவருடைய பெருநூலை இலத்தீனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பின்னர் ஜெர்மனிலும், டச்சிலும், 1634இல் ஆங்கிலத்திலும் அது வந்தது. இலத்தீன் அறியாத சவரத் தொழிலாளியின் அனுபவத்தை, இலத்தீன் அறிந்த பண்டிதர்கள் இலத்தீனில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்!

தோழர்களே, பட்டறையிலும் ஆலையிலும் வயலிலும் நாள்தோறும் கை கண்டறியும் உண்மைகள் எத்தனையோ. அவற்றைக் கவனிக்க வேண்டும், ஒப்பிட வேண்டும், தெரிந்த மொழியில் எழுதி அடுத்தவனுக்குத் தர வேண்டும். பாரே செய்தது அதுதான். எண்ணெய் தீர்ந்த மறுநாள் விடியற்காலையில் அவர் எழுந்து சென்று பார்த்தார். நாமும் எழுந்து சென்று பார்ப்போம்.